இதழாளர் மௌலானா ஆசாத்

மௌலானா அபுல் கலாம் ஆசாத் என்றதும் விடுதலை பெற்ற இந்தியாவின் முதற் கல்வி அமைச்சர் என்பதே நம் மாணவர்க்கு முதலில் நினைவுக்கு வரும். அவர் பிறந்த நாளாகிய நவம்பர் 11, 2008ஆம் ஆண்டு முதல் தேசியக் கல்வி நாளாகப் போற்றப்பெறுவதால் அந்நினைவு மேலும் வலுப்பெற்றுள்ளது. ஆயினும் அமைச்சுப் பதவி அவர்தம் வாழ்வின் இறுதிப் பத்தாண்டுச் செய்தி. அதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே, இருபத்து மூன்று வயது இளைஞராக இருந்தபோது, ஒரு வார இதழைக் கருவியாகக் கொண்டு ஒரு சமுதாயத்தின் அரசியற் போக்கைத் திருப்பியவர் அவர். பின்னாளில் அச்சமுதாயத்தின் பெரும்பகுதி வேறு இதழ்களைப் படித்து, வேறு தலைமையை ஏற்று, தம்மை விட்டு அகன்று சென்றதையும் அவரே இருந்து கண்டார். இதழின் வலிமையை இவ்விரு முனைகளிலும் உணர்ந்த அரசியலார் நம் நாட்டில் மிகச் சிலரே.

ஆசாத் 1888ஆம் ஆண்டு புனித மக்காவில் பிறந்தார். தந்தையார் மௌலானா கைருத்தீன் பெரும் மார்க்க அறிஞர். ஆன்மிக வழிகாட்டியாக எண்ணற்ற முரீதுகளைப் பெற்றவர். தாயார் மதீனாவின் அறிஞர் குடும்பத்துப் பெண்மணி. அரபு மொழி அவருக்குத் தாயின் மொழியாகவே வாய்த்தது. குடும்பம் கல்கத்தாவில் குடியேறிய பின் மகனைப் பள்ளிக்கோ மதரசாவுக்கோ அனுப்பத் தந்தையார் விரும்பவில்லை. ஆங்கிலக் கல்வி சமய உணர்வைக் கெடுக்கும் என்பது அவர் எண்ணம். ஆகவே அரபு, பாரசீகம், தருக்கம், கணிதம், மெய்யியல் அனைத்தும் வீட்டிலேயே கற்பிக்கப்பெற்றன.

இளைஞருக்கோ வெளியுலகை அறியும் வேட்கை. சர் சையது அகமது கான் எழுதியவற்றைப் படித்ததும் புதிய கல்வியின்றி முன்னேற்றம் இல்லை என்று துணிந்தார். அறிந்தவர் ஒருவரிடம் ஆங்கில அகரவரிசையையும் தொடக்கப் பாடநூலையும் மட்டும் கற்றுக்கொண்டார். பின்னர் விவிலியத்தின் ஆங்கில, பாரசீக, உருதுப் பதிப்புகளை அருகருகே வைத்து ஒப்பிட்டுப் படித்தார். அடுத்து அகராதியின் துணையுடன் ஆங்கில நாளேடுகளைப் படிக்கலானார். ஆங்கிலம் அவருக்குச் செய்தித்தாள் வழியே வந்த மொழி என்பது குறிப்பிடத்தக்கது. குடும்ப மரபிலிருந்து விடுபட்ட அக்காலத்தில்தான் விடுதலை பெற்றவர் எனப் பொருள்படும் ஆசாத் என்னும் புனைபெயரைச் சூடிக்கொண்டார்.

1903ஆம் ஆண்டு நவம்பரில் 'லிசானுஸ் சித்க்' என்னும் திங்களிதழைத் தொடங்கியபோது அவருக்குப் பதினைந்து வயது. உண்மையின் நாவு என்பது அப்பெயரின் பொருள். அவ்விதழைப் படித்து அதன் ஆசிரியர் முதிர்ந்த அறிஞர் என்று கருதியிருந்த பேரறிஞர் ஷிப்லி நுஃமானி, நேரில் வந்த இளைஞரைக் கண்டு ஆசிரியரின் மகன் போலும் என்று மயங்கினார் என்பர். அந்த ஷிப்லியே அவரைத் தம் 'அந்நத்வா' இதழில் பணியாற்ற லக்னோவுக்கு அழைத்துக்கொண்டார். அதன் பின் அமிர்தசரசின் 'வக்கீல்' ஏட்டில் ஆசிரியப் பணி. இவ்வாறு சொந்த இதழ் காண்பதற்கு முன்பே அத்தொழிலின் நுட்பங்கள் அனைத்தையும் அவர் பயின்றிருந்தார்.

அன்றைய முஸ்லிம் அரசியலின் நிலையை ஈண்டு விளக்குதல் வேண்டும். 1857ஆம் ஆண்டுப் பேரெழுச்சியின் பின் ஆங்கில அரசின் சினத்துக்கு மிகுதியும் ஆளான முஸ்லிம்களைக் கல்வியால் மீட்டெடுக்க முனைந்த அலிகர் இயக்கம், அரசியலில் ஆட்சியாளரோடு இணக்கமாக இருப்பதையே நெறியாகக் கொண்டது. 1906இல் தோன்றிய முஸ்லிம் லீகும் தொடக்கத்தில் அந்நெறியையே பின்பற்றியது. இதற்கு மாறான எண்ணம் ஆசாத்துக்கு இரு வழிகளில் உண்டாயிற்று. வங்கத்துப் புரட்சியாளர் சியாம் சுந்தர சக்கரவர்த்தியின் தொடர்பு ஒன்று. முஸ்லிம்களைப் பகைவராக எண்ணியிருந்த அக்குழுவினர், முஸ்லிம் இளைஞர் ஒருவர் தம்மோடு சேர வந்ததைக் கண்டு முதலில் நம்ப மறுத்தனர். மற்றொன்று ஈராக், எகிப்து, சிரியா, துருக்கி ஆகிய நாடுகளில் அவர் மேற்கொண்ட பயணம். அங்கே சந்தித்த விடுதலை வீரர்கள், இந்திய முஸ்லிம்கள் ஆங்கிலேயர் பின்னே செல்வது ஏன் என்று வியந்து வினவியதாகவும், அவர்களுக்கு விடை சொல்ல இயலாமல் தாம் நாணியதாகவும் அவரே பின்னாளில் எழுதியுள்ளார். தாயகம் மீண்டதும் மக்கள் கருத்தை மாற்றுவதற்கு ஓர் இதழே வேண்டும் என்று முடிவு செய்தார்.

1912ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 13ஆம் நாள் கல்கத்தாவில் 'அல்-ஹிலால்' வெளிவந்தது. ஹிலால் என்றால் பிறை. அதன் தோற்றமே புதுமையாக இருந்தது. உருது ஏடுகள் அந்நாளில் பெரும்பாலும் கல்லச்சில் உருவாயின. எழுத்தர் ஒருவர் அழகுறக் கையால் எழுதிய பக்கத்தைக் கல்லில் படியவைத்து அச்சிடும் முறை அது. கண்ணுக்கு இனியதாயினும் படங்களை நன்கு அச்சிட அம்முறை இடம் தராது. ஆசாத் துணிந்து ஈய அச்செழுத்தைக் கையாண்டார். எகிப்திய, துருக்கிய இதழ்களைப் போலப் புகைப்படங்களையும் வெளியிட்டார். திரிப்போலியிலும் பால்கன் நாடுகளிலும் துருக்கி நடத்திய போர்களின் காட்சிகள் முதன்முறையாக இல்லந்தோறும் புகுந்தன. இதழ் தோன்றிய மூன்று திங்களில், புதிய சந்தாதாரர் ஒவ்வொருவரும் முதல் இதழ் தொட்டு அனைத்தும் வேண்டுமென்று கேட்டதால், பழைய இதழ்களையெல்லாம் மறு அச்சிட வேண்டியதாயிற்று. ஈராண்டுக்குள் வாரந்தோறும் 26,000 படிகள் விற்பனையாயின. உருது இதழியலில் அதற்குமுன் எவரும் காணாத எண்ணிக்கை அது. ஒருவர் வாங்கிப் பலர் படிக்க, படிக்கத் தெரியாதவர் சுற்றியிருந்து கேட்ட காலம் என்பதையும் சேர்த்து எண்ணிக்கொள்ள வேண்டும்.

மொழி பயிற்றும் நம் போன்றோர்க்கு இங்கே ஒரு வியப்பு உண்டு. மக்களைச் சென்றடைய எளிய நடையே ஏற்றது என்று வகுப்பறையில் ஓயாது சொல்லி வருகிறோம். அல்-ஹிலாலின் நடையோ எளிதன்று. அரபுத் தொடர்களும் பாரசீக அணிகளும் திருமறை வசனங்களும் செறிந்து, மேடையில் முழங்குவது போன்று ஓடும் நடை அது. அதைத்தான் ஆயிரமாயிரம் பேர் காத்திருந்து படித்தனர். சொல்லப்படும் பொருள் தம் உயிரைத் தொடுவதாக இருந்தால் மக்கள் கடிய நடையையும் தேடிப் பிடித்துக் கற்றுக்கொள்வர் போலும்.

அப்பொருள்தான் யாது? அடிமைப்பட்டு வாழ்தல் இறைநம்பிக்கைக்கு ஒவ்வாதது. நாட்டின் விடுதலைக்குப் பிற சமயத்தாரோடு தோளோடு தோள் நின்று பாடுபடுதல் முஸ்லிமின் மார்க்கக் கடமை. இந்துக்களின் எண்ணிக்கையைக் கண்டு அஞ்சுதல் தன்மானத்துக்கு இழுக்கு என்பனவே அவர் வாரந்தோறும் வலியுறுத்தியவை. ஆட்சியாளரைச் சார்ந்து நின்ற சமுதாயப் பெரியோர்களை அவர் சிறிதும் விட்டுவைக்கவில்லை. அலிகர் சார்பினர் கடுமையாக எதிர்த்தனர். கொலை மிரட்டல்களும் வந்ததாக அவர் குறித்துள்ளார். எதிர்ப்பு வளர வளர இதழின் விற்பனையும் வளர்ந்தது.

அரசியலைத் திருமறையின் மொழியில் பேசிய இம்முறைக்கு மற்றொரு பக்கமும் உண்டு. மக்களை விரைந்து எழுப்ப அதைப்போன்ற கருவி வேறில்லை. ஆனால் அக்கருவி யார் கையிலும் இயங்கும். சமுதாயத்தின் அரசியல் சமயத்திலிருந்தே பிறக்க வேண்டும் என்று அல்-ஹிலால் பழக்கிய செவிகள், கால் நூற்றாண்டு கழித்து அதே மொழியில் வேறொரு முடிவைச் சொன்னவர்களுக்கும் திறந்தே இருந்தன. ஆசாத்தைப் போற்றுவோர் பலர் இதனைப் பேசுவதில்லை. பேசாமல் விடுவது அவருக்குச் செய்யும் மரியாதை என்று எனக்குத் தோன்றவில்லை.

1913ஆம் ஆண்டு கான்பூரில் சாலையை அகலப்படுத்தும் பொருட்டு மச்லி பஜார் பள்ளிவாசலின் ஒளு செய்யும் பகுதி இடிக்கப்பட்டது. ஆகஸ்டு 3ஆம் நாள் அங்குத் திரண்ட மக்கள்மீது காவலர் துப்பாக்கிச் சூடு நடத்தினர், உயிர்கள் மாண்டன. டெல்லியில் முகமது அலியின் 'காம்ரேட்', லாகூரில் ஜஃபர் அலி கானின் 'ஜமீன்தார்', கல்கத்தாவில் அல்-ஹிலால் ஆகியவை எழுப்பிய குரலால் ஓர் ஊரின் செய்தி நாடு முழுவதன் செய்தியாயிற்று. அவ்வாண்டு அக்டோபரில் அரசப் பிரதிநிதி ஹார்டிஞ்சு பிரபு தாமே கான்பூர் வந்து உடன்பாடு காண நேர்ந்தது. உள்ளூர் அதிகாரி ஒருவரின் ஆணையை அரசப் பிரதிநிதியே வந்து சரிசெய்ய வேண்டிய நிலையை இதழ்கள் உருவாக்கின.

அரசு இதனை வாளா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 1910ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம் அதற்குக் கை கொடுத்தது. நீதிமன்றத்தில் குற்றத்தை மெய்ப்பிக்கும் தொல்லையே இச்சட்டத்தில் இல்லை. அச்சக உரிமையாளரிடம் முதலில் ஜாமீன் தொகை கேட்கலாம். எழுதியது பிடிக்கவில்லையெனில் அதைப் பறிமுதல் செய்யலாம். பின் அதனினும் பெருந்தொகை கேட்கலாம். ஆசிரியரைச் சிறையிலிட்டால் அவர் வீரராவார். அச்சகத்தைக் கடனில் மூழ்கச் செய்தால் ஓசையின்றி இதழ் நிற்கும். நம் பாரதியார் புதுவையிலிருந்து நடத்திய 'இந்தியா' இதழ் ஆங்கில ஆட்சிப் பகுதிக்குள் வரவொட்டாமல் தடுக்கப்பெற்று நின்றதும் அதே 1910ஆம் ஆண்டில்தான்.

1913 செப்டம்பரில் அல்-ஹிலாலிடம் ரூ.2,000 ஜாமீன் கேட்கப்பட்டது. கட்டினார். மறு ஆண்டு உலகப் போர் மூண்டது. போர்ச் செய்திகளை அல்-ஹிலால் எழுதிய முறை செர்மனிக்குச் சார்பானது என்று அலகாபாத்தின் ஆங்கில ஏடான 'பயோனியர்' குற்றஞ்சாட்டிற்று. ஓர் இதழை அடக்க மற்றோர் இதழே அரசுக்கு வழிகாட்டிய கதை இது. கட்டிய தொகை பறிமுதலாயிற்று, புதிதாக ரூ.10,000 கேட்கப்பட்டது. 1914 நவம்பரில் அல்-ஹிலால் நின்றது. ஓராண்டு கழித்து 'அல்-பலாக்' என்னும் பெயரில் மீண்டும் ஓர் இதழ் கண்டார். அச்சகச் சட்டத்தால் இவரை அடக்க இயலாது என்று உணர்ந்த அரசு, 1916இல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வங்கத்தை விட்டே வெளியேற ஆணையிட்டது. பஞ்சாப், டெல்லி, ஐக்கிய மாகாணம், பம்பாய் ஆகியவை முன்னரே அவருக்குத் தடை விதித்திருந்தன. எஞ்சியிருந்த பீகாரில் ராஞ்சியை அடைந்தார். சில திங்களில் அங்கேயே காவலில் வைக்கப்பட்டு 1919 முடியும்வரை இருந்தார். திருக்குர்ஆன் விளக்கத்தை எழுதத் தொடங்கியிருந்தார். சோதனைக்கு வந்த காவலர் கையெழுத்துப் படிகளையும் அள்ளிச் சென்றனர். இதழ் இல்லாத அந்நாள்களில் ராஞ்சிப் பள்ளிவாசலின் வெள்ளிக்கிழமை உரையே அவர் தலையங்கமாயிற்று.

1920 முதலான நிகழ்ச்சிகள் பலரும் அறிந்தவை. காந்தியடிகளைச் சந்தித்தது, கிலாபத் இயக்கம், ஒத்துழையாமை, 1921 டிசம்பரில் கைது. கல்கத்தா நீதிமன்றத்தில் அவர் அளித்த நெடிய வாக்குமூலம் 'கவ்லே ஃபைசல்' என்னும் பெயரில் நூலாயிற்று. தம்மைக் காத்துக்கொள்ள ஒரு சொல்லும் அதில் இல்லை. சாக்ரடீசையும் கலிலியோவையும் தண்டித்த வழக்கு மன்றங்களின் வரிசையில் இம்மன்றத்தையும் வைத்துப் பேசினார். ஓராண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டபோது, எதிர்பார்த்ததைவிடத் தண்டனை குறைவே என்றும் கணவர் விட்ட பணியைத் தாமே தொடர்வதாகவும் காந்தியடிகளுக்குத் தந்தி அடித்தவர் அவர் துணைவியார் ஜுலைகா பேகம். 1923இல் டெல்லியில் கூடிய காங்கிரசின் சிறப்பு மாநாட்டுக்குத் தலைமை தாங்கியபோது ஆசாத்துக்கு முப்பத்தைந்து வயது நிறையவில்லை.

1927 சூனில் அல்-ஹிலாலை அவர் மீண்டும் தொடங்கினார். ஆறு திங்களில் நின்றுபோயிற்று. இம்முறை அரசு நிறுத்தவில்லை. அதன் பின் அவர் எந்த இதழுக்கும் ஆசிரியராக இருக்கவில்லை. கிலாபத்தின் வீழ்ச்சிக்குப் பின் சமயப் பூசல்கள் மலிந்த காலம் அது. பழைய முழக்கம் எடுபடவில்லை. அவரும் பழைய ஆசாத்தாக இல்லை. 'தர்ஜுமானுல் குர்ஆன்' என்னும் பெரும்பணியில் ஆழ்ந்தார். அந்நூல் நிலைத்த புகழ் உடையது. எனினும் 1930களில் அவர் கையில் ஓர் இதழ் இல்லாமற் போனது அவருடைய வாழ்வின் பெரும்பிழை என்றே நான் எண்ணுகிறேன். தனிவாழ்வை விரும்பும் இயல்பும், கூட்டங்களை வெறுக்கும் மனமும் அவரை நூலறையில் இருத்தின. மக்களோ வாரந்தோறும் எதையேனும் படிக்க வேண்டியவர்களாகவே இருந்தார்கள்.

அவ்வெற்றிடத்தைப் பிறர் நிரப்பினர். அவர் வாழ்ந்த கல்கத்தாவிலேயே 1936இல் மௌலானா அக்ரம் கான் வங்க மொழி நாளேடு ஒன்றைத் தொடங்கினார்; அது லீகின் குரலாயிற்று. அதன் பெயர் 'ஆசாத்'! டெல்லியில் ஜின்னா தொடங்கிய 'டான்' 1941இல் வார ஏடாகத் தோன்றி மறு ஆண்டே நாளேடாயிற்று. நாளேடான அதற்கு முதலில் ஆசிரியராக அமர்ந்தவர் போத்தன் ஜோசப் என்னும் கேரளக் கிறித்தவர் என்பது பலரும் அறியாத செய்தி. ஆட்சியாளருக்கு எதிராகக் காங்கிரசுக்கும் ஏடுகள் இருந்தன. ஆனால் உருது படிக்கும் முஸ்லிம் இல்லங்களுக்கு உரிய 'கௌமி ஆவாஸ்' லக்னோவில் தோன்றியது 1945இல். காலம் கடந்திருந்தது.

1940 மார்ச்சில் ராம்கர் காங்கிரசுக்குத் தலைமையேற்ற ஆசாத், பதினொரு நூற்றாண்டுக் கூட்டு வாழ்வு இந்துக்களையும் முஸ்லிம்களையும் பிரிக்கவியலாத ஒரே நாட்டினமாக்கியுள்ளது என்று பேசினார். தாம் முஸ்லிம் என்பதிலும் இந்தியர் என்பதிலும் ஒருசேரப் பெருமை கொள்வதாகக் கூறிய உரை அது. அடுத்த சில நாள்களிலேயே லாகூரில் லீக் தன் தீர்மானத்தை நிறைவேற்றிற்று. அவ்வாண்டு சூலையில் பேச்சுக்கு வழி தேடி ஆசாத் ஜின்னாவுக்குத் தந்தி அனுப்பினார். உம்மோடு பேச மாட்டேன், காங்கிரசு காட்சிக்காக நிறுத்தியிருக்கும் முஸ்லிம் நீர் என்னும் கருத்தில் மறுமொழி வந்தது, ஏடுகளிலும் வெளியாயிற்று. ஆசாத் அதே நடையில் விடையளிக்கவில்லை. கொள்கை வேறுபாட்டை ஒரு கேலிச் சொல்லாக மாற்றிவிட்டால் நாளேட்டுக்கு அது போதும். ராம்கர் உரையைப் படித்தவர்களைவிட அந்த ஒரு சொல்லைக் கேட்டவர்கள் பன்மடங்கு. 1945 இறுதியில் நடந்த நடுவண் சட்டமன்றத் தேர்தலில் முஸ்லிம்களுக்குரிய 30 இடங்களையும் லீக் வென்றது.

அதற்கு முன், 1942 ஆகஸ்டு 9ஆம் நாள் விடியற்காலையில் கைதான ஆசாத், அகமது நகர்க் கோட்டையில் அடைக்கப்பட்டிருந்தார். முதலில் கைதிகளுக்கு நாளேடுகள் மறுக்கப்பட்டன. பின்னர் இசைவு கிடைத்தது. 1943இல் ஜுலைகா பேகம் கல்கத்தாவில் நோயுற்றிருக்கும் செய்தி வந்தது. நண்பருக்கு எழுதியும் அனுப்ப இயலாத மடல்களாக அமைந்த 'குபாரே காதிர்' நூலில் அந்நாள்களை அவர் விவரித்துள்ளார். நாள்தோறும் நண்பகலுக்குப் பின் சிறைக் கண்காணிப்பாளர் நாளேட்டைக் கொண்டுவருவார். அவர் காலடி ஓசை கேட்டதும் ஆசாத்தின் நெஞ்சு படபடக்கும். ஆயினும் அமைதியாக இருப்பவர் போல் காட்டிக்கொண்டு, வந்தவரிடம் வழக்கம்போலப் பேசி, நாளேட்டை வாங்கிப் பொறுமையாகப் பார்ப்பார். அது நடிப்பே என்பதையும், தம் தன்னடக்கத்துக்கு ஊறு நேரலாகாதே என்ற செருக்கில் பிறந்தது என்பதையும் அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். ஒரு காலத்தில் தம் இதழின் வரவுக்காக நாடெங்கும் பிறரைக் காத்திருக்கச் செய்தவர், இப்போது ஒரு நாளேட்டின் வரவை அஞ்சி அமர்ந்திருந்தார். அரசுக்கு விண்ணப்பிக்க விரும்பினால் உடனே அனுப்புவதாகக் கண்காணிப்பாளர் கூறியும் அவர் உடன்படவில்லை. ஏப்ரல் 9ஆம் நாள் துணைவியார் காலமான செய்தி வந்து சேர்ந்தது. 1945இல் விடுதலையாகிக் கல்கத்தா திரும்பிய பின்னரே அடக்கத்தலத்துக்குச் செல்ல முடிந்தது.

1946 ஏப்ரல் 15ஆம் நாள் ஏடுகளுக்கு அவர் ஓர் அறிக்கை அளித்தார். பிரிவினை முஸ்லிம்களின் இன்னலைத் தீர்க்காது. பிரிந்து செல்லும் பகுதிக்கும் நலமில்லை. இங்கேயே தங்கிவிடும் கோடிக்கணக்கானோர் முன்னிலும் வலிமை குன்றுவர் என்று விளக்கினார். மாநிலங்களுக்கு நிறைந்த உரிமையளிக்கும் கூட்டாட்சியே வழி என்றார். சின்னாளில் அமைச்சரவைத் தூதுக்குழு முன்வைத்த திட்டம் பெரிதும் இதனை ஒத்திருந்தது. காங்கிரசும் லீகும் ஏற்றன. சூலையில் தலைமைப் பொறுப்பு நேருவிடம் சென்றது. 10ஆம் நாள் பம்பாயில் செய்தியாளர்களைச் சந்தித்த நேரு, அரசியல் நிர்ணய மன்றத்தில் காங்கிரசு எவ்வகை உடன்பாட்டுக்கும் கட்டுப்படாமல் நுழையும் என்ற கருத்தில் விடை கூறினார். மறுநாள் ஏடுகளில் அது பரவிற்று. அத்திங்கள் முடிவதற்குள் லீக் தன் ஏற்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகஸ்டு 16இல் கல்கத்தா தீப்பற்றி எரிந்தது. வரலாற்றின் போக்கை மாற்றிய துயர நிகழ்ச்சிகளுள் ஒன்று என்று அந்தச் செய்தியாளர் கூட்டத்தை ஆசாத் பின்னாளில் மதிப்பிட்டார். ஒரு கூட்டத்தின்மீது இவ்வளவு பழியைச் சுமத்துவதை வரலாற்றாசிரியர் பலர் ஏற்பதில்லை. இதழாளராகத் தொடங்கியவருக்கு, செய்தியாளர்முன் சொன்ன சொல் திரும்ப வராது என்பது பிறரினும் நன்றாகத் தெரிந்திருந்தது.

1947 அக்டோபரில் டெல்லி ஜும்மா பள்ளிவாசலில், வீட்டையும் உறவையும் இழந்து ஓடத் துணிந்து நின்ற மக்கள்முன் பேசினார். நான் அழைத்தபோது செவிசாய்க்கவில்லையே என்ற வருத்தம் அப்பேச்சில் இருந்தது. ஆயினும் போகாதீர்கள், இது உங்கள் மண் என்பதே அதன் சாரம். ஒலிபெருக்கியும் மிம்பரும் அன்றி அன்று அவரிடம் வேறு ஊடகம் இல்லை. தங்கியவர்களின் வழிவந்தோரே இன்றைய இந்திய முஸ்லிம்கள்.

கல்வி அமைச்சராக ஆற்றிய பணிகள் தனிக் கட்டுரைக்கு உரியவை. 1958 பிப்ரவரி 22ஆம் நாள் இறையடி சேர்ந்தார். அதே ஜும்மா பள்ளிவாசலின் அருகே நல்லடக்கம் செய்யப்பெற்றார். மறு ஆண்டு வெளிவந்த அவர் வாழ்க்கை வரலாறு, அவர் உருதுவில் சொல்லச் சொல்லக் கேட்டு ஹுமாயூன் கபீர் ஆங்கிலத்தில் எழுதியது. உடனிருந்தோரைப் பற்றிய முப்பது பக்கங்கள் அவர் விருப்பப்படி முத்திரையிடப்பெற்று, கல்கத்தா தேசிய நூலகத்திலும் டெல்லி ஆவணக் காப்பகத்திலும் வைக்கப்பெற்றன. முப்பதாண்டு கழிந்து 1988இல் முத்திரை உடைக்கப்பட்டபோது மீண்டும் ஒருமுறை நாளேடுகள் அவரைப் பற்றி எழுதின. எதிர்பார்த்த பெரிய மறைபொருள் எதுவும் அப்பக்கங்களில் இல்லை. உருதுவுக்கு ஈய எழுத்தில் ஒரு புதிய உரைநடையைத் தந்தவரின் அந்த இறுதி நூல், அவர் வாயிலிருந்து வந்த உருதுவில் நமக்குக் கிடைக்கவில்லை.